என் குரலில் விலைபோன வேர்

1

திண்டுக்கல் வட்டாரத்தில் யாருடைய கைபேசிக்காவது, நாலு நிமிடம் ஓடும் ஒரு பெண்ணின் குரல் பதிவு வந்திருக்கலாம். அதன் மேலே, "நம்ம ஊருப் பொண்ணு, ஃபாரின்ல சயின்டிஸ்ட், குடிய மறக்கடிக்கிற வேரப் பத்திச் சொல்றாங்க, எல்லா குரூப்புக்கும் அனுப்புங்க" என்று எழுதியிருக்கும். தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள். யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தக் குரல் என்னுடையது.

நான் சயின்டிஸ்ட் இல்லை. நெதர்லாந்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஈஸ்ட் வளர்க்கும் டெக்னீஷியன். குடுவை கழுவுவதும் என் வேலைதான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் விஷயத்தில் நான் கெடவில்லை, என் வாயால் என் தம்பி கெடப் பார்த்தான். இந்த ஈஸ்டரோடு நான் இந்த நாட்டுக்கு வந்து பதினேழு வருடம் முடிந்தது. அன்றைக்கு நடந்ததை எழுதாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

2

முதலில் வேரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்த முறை முழுதாகச் சொல்கிறேன்.

இபோகா என்று ஒரு புதர். மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வளர்வது. அதன் வேர்ப்பட்டையில் இபோகெய்ன் என்ற ஒரு பொருள் இருக்கிறது. அதைச் சாப்பிட்டவர் ஒரு நாள் முழுக்க, சில சமயம் அதற்கு மேலும், விழித்தபடியே கனவு காண்பார். வாந்தி வரும், கால் நிற்காது. அந்த ஊர் மக்கள் சடங்கில் அதைக் கொடுக்கும்போது சாப்பிடுகிறவருக்குத் தெரிந்துதான் கொடுக்கிறார்கள், அவரைத் தனியே விடுவதும் இல்லை. போதைப் பழக்கத்தை விட அது உதவுகிறது என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையா என்று பல நாடுகளில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் இருக்கும் நாட்டில் அது அனுமதி பெற்ற மருந்து இல்லை.

எங்கள் ஆய்வகம் பார்ப்பது கனவை அல்ல, செல்லுக்குள் இருக்கும் எரிசக்தியை. உயிருள்ள ஒவ்வொரு செல்லும் ஏடிபி என்ற ஒன்றைச் செய்து செய்து செலவழித்துக்கொண்டே இருக்கிறது. அது தீர்ந்தால் செல் செத்தது. ஈஸ்ட் குடுவைக்குள் இபோகெய்னைச் சேர்த்தால் கொஞ்ச நேரத்தில் இந்த ஏடிபி இறங்குகிறது. செல்கள் பதறிப்போய் வேகமாக எரிக்கின்றன, நுரை அதிகமாகிறது. சில மணி நேரம் கழித்துப் பார்த்தால், எரிசக்தி செய்யும் நொதிகளையும் எரித்த கழிவைத் துடைக்கும் நொதிகளையும் செல்கள் கூடுதலாகச் செய்து வைத்திருக்கின்றன. இறங்கியது ஏறுகிறது. அதன் பிறகு அதே வேலையை முன்னைவிடக் குறைந்த செலவில் செய்கின்றன. எலியின் மூளையிலும் இது மாதிரி நொதிகள் கூடியதைப் பார்த்திருக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன்.

மனிதனுக்குள் இதெல்லாம் இப்படியே நடக்கிறதா என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. மனிதனைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது வேறொன்று. அந்தப் பொருள் இதயத்தின் மின்துடிப்பை நீட்டிவிடும். நீண்ட துடிப்பு தாளம் தப்பினால் ஆள் அங்கேயே விழுந்து செத்துப்போவான். அப்படிச் செத்தவர்கள் இருக்கிறார்கள்.

அதனால்தான் எங்கள் ஆய்வகத்தில் அது பூட்டிய அலமாரியில் இருக்கிறது. ஒரு மில்லிகிராம் எடுத்தாலும் நோட்டில் எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டும். எதற்கு, எவ்வளவு, மிச்சம் என்ன ஆயிற்று என்று கேட்கும் டச்சுப் படிவத்தை நிரப்பி முடிப்பதற்குள் எனக்குத் தாவு தீர்ந்துவிடும். ஒருமுறை தப்பான வார்த்தையைப் போட்டு, மிச்சத்தை "அப்புறப்படுத்தினேன்" என்பதற்குப் பதில் "எடுத்துக்கொண்டேன்" என்று எழுதிவிட்டேன். பாதுகாப்பு அதிகாரி என்னை உட்காரவைத்து அரை மணி நேரம் விசாரித்தார்.

என் மகள் ஜெனிக்குப் பதினாறு வயது. வீட்டில் தமிழில் கேட்டால் டச்சில் பதில் வரும். அவள் ஒரு நாள் சொன்னாள்: "சாராயம் செய்வதும் ஈஸ்ட்தானே? நீ வளர்க்கிறாய், மாமா குடிக்கிறார்." மூன்று நாள் நான் அவளோடு பேசவில்லை.

3

அந்த மாமா என் தம்பி அமல்ராஜ். என்னைவிட நாலு வயது இளையவன். வேடசந்தூர் பக்கம் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். ஓடுகிற மிஷின் மேல் கையை வைத்தே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்லிவிடுவான். பிளஸ் டூ முடித்ததும் அவன் மில் பஸ் ஏறினான், நான் மதுரைக்கு எம்.எஸ்சி. படிக்கப் போனேன். வீட்டில் ஒருவர்தான் படிக்க முடியும் என்ற நிலையில் அவனே ஒதுங்கிக்கொண்டான். அதை அவன் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை, அதனால் எனக்கு மறப்பதே இல்லை.

எங்கள் மேட்டுப்பட்டிப் பக்கம் கிறிஸ்தவக் குடிகாரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. திருநீற்றுப் புதனன்று கோவிலில் நெற்றியில் சாம்பல் வாங்கியதும் குடியை நிறுத்திவிடுவார்கள். ஈஸ்டர் வரைக்குமான நாற்பது நாள் தவக்காலம் முழுக்க ஒரு சொட்டு தொடமாட்டார்கள். ஈஸ்டர் ஞாயிறு மதியம் கறிக்குழம்போடு மறுபடி தொடங்குவார்கள். அமலும் அப்படித்தான். நாற்பது நாள் தாக்குப்பிடிக்கிறவனுக்கு நாற்பத்தொன்றாவது நாள் என்ன வந்துவிடுகிறது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

குடிகாரனின் மனைவிக்கு எங்கள் ஊரில் தெரிந்த வைத்தியம் குழம்பில் கலப்பதுதான். "அவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்" என்ற நோட்டீஸை நீங்களும் சுவர்களில் பார்த்திருப்பீர்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் அமலின் மனைவி ரெஜினா போனில் அழுதாள். குடித்தால் வாந்தியெடுக்கவைக்கும் ஒரு மாத்திரையின் பெயரை நான் சொன்னேன், எழுதியும் அனுப்பினேன். டாக்டர் பார்த்துத்தான் அதைக் கொடுக்க வேண்டும், சாப்பிடுகிறவனுக்குச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே சொன்னேன். அவள் பொடித்து சாம்பாரில் கலந்தாள்.

போன வருடம் அமல் மில்லில் மயங்கி விழுந்தான். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துவிட்டு, இதயத் துடிப்பின் இடைவெளி கொஞ்சம் நீளமாக இருக்கிறது, கண்ட மருந்தையும் சாப்பிடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தக் காகிதத்தை ரெஜினா எனக்குப் படமெடுத்து அனுப்பினாள். மாத்திரையும் சாராயமும் சேர்ந்ததால் விழுந்தானா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் மாத்திரையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். எனக்குப் பயமாக இருந்தது.

4

இந்த வருடம் தவக்காலம் தொடங்கிய வாரம் ரெஜினா பேசும்போது, "அந்த ஈஸ்ட்ட வச்சுக்கிட்டு அப்படி என்னதான்க்கா பண்றீங்க?" என்று கேட்டாள். பதினேழு வருடத்தில் ஊரிலிருந்து யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை. என் மகள்கூடக் கேட்டதில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கால்வாய் ஓரமாக நடந்தபடியே நாலு நிமிடம் பேசி அனுப்பினேன்.

மில்லை வைத்து விளக்கினேன். "கரண்டு செத்த நேரம் எறங்கும் பாரு, எல்லாரும் பதறுவாங்க, அது மாதிரி செல்லுக்குள்ள சக்தி எறங்கும். அப்பறம் பாத்தா மொத்த மில்லும் பழைய கரண்டுல பாதியிலயே ஓடும். ஒடம்பே புதுசாயிரும், ரெஜினா. குடி நெனப்பே வராதுன்னு சொல்றாங்க."

பாதி என்பது நானாகப் போட்டது. எந்தக் குடுவையிலும் நான் பாதியைப் பார்த்ததில்லை. இதயத்தைப் பற்றிச் சொல்லவே இல்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று எழுதலாம் என்று பார்த்தேன், பொய்யாகிவிடும். கதை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, அதைக் கெடுக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

ரெஜினா அதைத் தன் அன்பியம் குரூப்பில் போட்டாள். அன்பியம் என்றால் ஒரே கோவிலைச் சேர்ந்த முப்பது, நாற்பது குடும்பம் சேர்ந்து ஜெபிக்கும் குழு. அதில் எத்தனை வீட்டில் குடி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பதிவு அங்கிருந்து கிளம்பிப் போய்விட்டது. எங்கே போனது என்று எனக்கு ஈஸ்டரன்றுதான் தெரிந்தது.

5

ஈஸ்ட்டுக்கு ஞாயிறும் இல்லை, பண்டிகையும் இல்லை. குடுவையில் பொருளைச் சேர்த்துவிட்டால் குறித்த நேரத்துக்கு மாதிரி எடுத்தே ஆக வேண்டும். அதனால் ஈஸ்டர் காலை ஆய்வகத்தில் தனியாக இருந்தேன். எனக்கு மணி ஒன்பது, ஊரில் பன்னிரண்டரை. ரெஜினா வீடியோவில் வந்தாள். புதுச் சேலை, பின்னால் அடுப்பில் குக்கர்.

"ஈஸ்டர் வாழ்த்துக்கா," என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு காட்டவா?"

வெள்ளிக் காகிதப் பாக்கெட் ஒன்றைக் காட்டினாள். மேலே "ஆப்பிரிக்க மூலிகை வேர்ப் பொடி" என்று அச்சடித்திருந்தது. யார் செய்தது, எந்த ஊர், உள்ளே எவ்வளவு என்று ஒன்றுமில்லை.

"எங்க வாங்குன?"

"வாட்ஸப்புல ஒரு நம்பரு வந்துச்சு. கொரியர்ல அனுப்பிட்டாரு. அவரு மொத அனுப்புனதே உங்க வாய்ஸ்தான்க்கா. இவுக எங்க நாத்தனாருதான்னு சொன்னேன், அப்ப யோசிக்கவே வேணாம்மான்னு சொன்னாரு."

"அத எடுத்து உள்ள வையி. யாரும் தொட வேணாம்."

"கலந்துட்டேன்க்கா. புள்ளைகளுக்கும் எனக்கும் வேற சட்டி. அவருக்கு மட்டும் தனியா கிண்ணத்துல எடுத்து, ரெண்டு ஸ்பூன் போட்டுக் கலந்து வச்சிருக்கேன். நாப்பது நாளா சுத்தமா இருக்காருல்ல. இன்னைக்குத் தொடங்குறதுக்கு முன்னாடி குடுத்துட்டா அப்படியே நின்னுரும்."

யோசித்துப் பார்த்தால் அவள் கணக்கில் தப்பே இல்லை. நான் கொடுத்த தகவலை வைத்துக்கொண்டு யாராக இருந்தாலும் அந்த மதியத்தைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள்.

"கொட்டிரு ரெஜினா. இப்பவே கொட்டிரு. அவன் நெஞ்சு தாங்காது."

அவள் முகம் மாறியது. "நாலு நிமிசம் பேசுனீங்க. நெஞ்சப் பத்தி ஒரு வார்த்த சொல்லலியே."

"மறந்துட்டேன்."

"இப்ப மட்டும் ஞாபகம் வந்துருச்சா? நீங்க அங்க இருந்து சொல்லிட்டுப் போயிருவீங்க. சாயங்காலம் ரோட்டுல கெடந்தா நான்தான் புள்ளைகள வச்சுக்கிட்டுத் தூக்கணும். இனி ஒரு தடவ குடிச்சிட்டு வந்தா வேல கெடையாதுன்னு மில்லுல எழுதி வாங்கிட்டாங்க. எனக்கு இருக்கறது இந்த ஒரு நாளுதான்." வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. "வந்துட்டாரு. வைக்கிறேன்."

திரை இருண்டுவிட்டது.

6

மறுபடி அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் அழைத்தேன். கொட்டு, கொட்டு என்று செய்தி அனுப்பினேன். பார்த்ததாகக் காட்டவில்லை. ஆய்வகத்தில் குடுவைகள் மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தன. காலை எட்டு மணிக்கு நானே சேர்த்த இபோகெய்ன் அவற்றுக்குள் இருந்தது. இந்நேரம் ஏடிபி இறங்கிக்கொண்டிருக்கும். அதை நான் எத்தனையோ தடவை கோடாகப் பார்த்திருக்கிறேன், இறங்கும், பிறகு ஏறும், காபி குடித்துவிட்டு வந்து குறித்துக்கொள்வேன். இறங்குகிற நேரத்தில் செத்துப்போன செல்களை நாங்கள் எடுத்துக் கழுவி ஊற்றிவிடுவோம். அவற்றுக்குப் பெயர் கிடையாது.

விமானம் ஏறி ஓடவும் வழியில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். நான் கொடுத்த போட்டோவில் காது மறைந்திருக்கிறது, வேறு எடுத்து அனுப்புங்கள் என்று கடிதம் வந்து, அதை நான் மேசையில் போட்டு வைத்திருந்தேன். கையில் இருந்தாலும் என்ன, குழம்பு ஆறுவதற்குள் போய்ச் சேரவா முடியும்?

ஜெனிக்குப் போன் போட்டேன். ரெஜினாவின் பிள்ளைகளோடு அவள் எப்போதாவது கைபேசியில் விளையாடுவாள், அவர்கள் எண் இருக்குமா என்று கேட்கத்தான். விஷயத்தைச் சொன்னதும் தூக்கத்திலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"மாமாவுக்குத் தெரியுமா?" என்று தமிழில் கேட்டாள்.

"தெரியாது."

"ஏன் நீ மாமாவுக்கே போன் பண்ணல?"

நான் பிள்ளைகளின் எண்ணையே மறுபடி கேட்டேன். பிறகு அவள் டச்சில் பொரிந்து தள்ளினாள். ஒரு மனிதனுக்குச் சொல்லாமல் அவன் உடம்புக்குள் ஒன்றைப் போடுவதற்கு இங்கே போலீஸ் வரும் என்றாள். ஈஸ்ட்டுக்கு ஒரு மில்லிகிராம் கொடுக்க இரண்டு கையெழுத்து என்று நீதானே புலம்புவாய் என்றாள். நான் அவளைத் தமிழில் திட்டிவிட்டு வைத்தேன்.

அவள் சொன்னது சரி, அதனால்தான் கோபம் வந்தது. தம்பியை அழைத்தால் ரெஜினா கலந்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் மூன்று வருடத்து மாத்திரையும் வெளியே வரும். அவன் மயங்கி விழுந்ததற்கு அக்காள் காரணமா என்று அவன் கேட்பான். இதற்குப் பயந்து இருபது நிமிடத்தை நான் ரெஜினாவை அழைத்தே வீணாக்கியிருந்தேன். அவன் சாப்பிட்டு எழுந்திருந்தால் அந்த இருபது நிமிடத்துக்கு நான் யாரிடம் போய்ப் பதில் சொல்வேன்?

7

அமல் மூன்றாவது ரிங்கிலேயே எடுத்தான். "வாழ்த்துக்கா. இப்பதான் எலையில ஒக்காந்தேன்."

"சாப்பிட்டியா?"

"இனிமேதான். ரெஜினா இப்பதான் குழம்ப ஊத்துறா."

"கைய எடு. அமலு, அந்தக் குழம்பத் தொடாத."

பாத்திரம் நகரும் ஒலி கேட்டது. அவன் குரலில் கோபம் இல்லை. "கலந்துட்டாளா?" என்றான்.

"ஒனக்கு…"

"தெரியும்க்கா. மாத்திரை அட்டைய அரிசி டப்பாவுக்குள்ளதான் ஒளிச்சு வைப்பா. பேர நீதான் சொல்லிக் குடுத்தன்னும் தெரியும். அவ போன்லயே இருக்கு."

"தெரிஞ்சுமா தின்ன?"

"ஏதாச்சும் ஒண்ணு கேக்கும்னுதான்க்கா தின்னேன்."

மூன்று வருடம் அவனுக்குத் தெரியாமல் வைத்தியம் பார்ப்பதாக நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் ஒவ்வொரு வேளையும் அதைப் பிசைந்து வாயில் வைத்து, இது கேட்குமா என்று காத்திருந்திருக்கிறான். குடிக்கப் போகும் மனத்தையும் நிறுத்த முடியாமல், மாத்திரையையும் துப்பாமல் இருந்திருக்கிறான். யாரும் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவனே கையை நீட்டி வாங்கியிருப்பான்.

"மில்லுல விழுந்தது அதனாலயா இருக்கும்," என்றேன். "என்னாலதான்."

"அத விடு. இது என்ன, நீ பேசி அனுப்புனியே அந்த வேரா? நானும் கேட்டேன். மில்லுல எவனோ ஒருத்தன் எனக்கே அனுப்புனான்." கொஞ்சம் தயங்கினான். "இது கேக்குமாக்கா?"

பதினேழு வருடம் அந்த வேலையைச் செய்தவளிடம் கேட்கிறான். "எனக்குத் தெரியல அமலு. யாருக்கும் முழுசாத் தெரியல. பாக்கெட்டுல இருக்கறது அந்த வேர்தானான்னும் தெரியாது. அதுவா இருந்தா ஒன் நெஞ்சு தாங்காது. பாதி கரண்டுன்னு சொன்னதெல்லாம் நானா சொன்னது."

"அப்ப வேணாங்குற."

"வேணாம்."

"ரெஜினா, இத எடுத்துட்டுப் போயிக் கொட்டு," என்றான். "நாய் கீய் நக்கிறப் போவுது, பின்னாடி குழி தோண்டி ஊத்து. அழாத. ஒன்னிய யாரு என்ன சொன்னா?"

அவள் அழுகை தூரத்தில் கேட்டது. நான் பேசிக்கொண்டே போனேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஈசிஜி எடுங்கள், குடியை நிறுத்துவதற்கு என்றே டாக்டர் இருக்கிறார், மாத்திரையைப் பற்றி ஒளிக்காமல் சொல்லுங்கள், நானும் போனில் இருக்கிறேன் என்றேன்.

"போறேன்க்கா. ரெண்டு பேருமே போறோம்," என்றான். பிறகு மெதுவாக, "ஆனா இன்னைக்கு ஞாயித்துக்கெழமதானக்கா."

வெளியே மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. ஹாரன் அடித்தார்கள். யார் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஈஸ்டரும் மதியம் வருகிறவர்கள்தான், எதற்கு வருகிறார்கள் என்று மேட்டுப்பட்டியில் எல்லாருக்கும் தெரியும்.

"போன வைக்காதக்கா," என்றான் அமல்.

"வைக்கல."

வீடியோவைப் போட்டு, கைபேசியைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்தான். அவன் முகம் தெரிந்தது, நாற்பது நாளில் கொஞ்சம் தெளிந்திருந்தது. ரெஜினா கண்ணைத் துடைத்துக்கொண்டே பிள்ளைகளின் சட்டியிலிருந்து குழம்பை எடுத்து வந்து ஊற்றினாள். எனக்கு மாதிரி எடுக்கும் நேரம் வந்து அலாரம் அடித்தது, அணைத்தேன். என் பின்னால் குடுவைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. அமல் தலையைக் குனிந்து பிசைந்து சாப்பிட்டான்.

ஹாரன் மறுபடி அடித்தது. இந்த முறை நீளமாக அடித்தார்கள். அவன் கை இலையிலேயே நின்றது.

"இன்னுங் கொஞ்சம் சோறு போட்டுக்க," என்றேன்.